சிலிண்டர் கட்டி மீன் குத்தும் தொழிலுக்கு ஈட்டித் துப்பாக்கி தேர்ந்தெடுப்பது எப்படி

மூச்சடக்கி மீன் குத்துபவருக்கும் காற்றுச் சிலிண்டர் கட்டி இறங்கிக் குத்துபவருக்கும் ஒரே துப்பாக்கி ஒத்துவராது. மூச்சடக்குபவர் ஒரு முக்குளிப்பில் ஒரு குறிதான் வைக்கிறார். மீன் தள்ளி நிற்கும், அதனால் அவருக்குத் தூரம் எட்டும் நீளத் துப்பாக்கி வேண்டும். மறுபடி ரப்பர் ஏற்றுவதை, அதாவது ஈட்டியை எய்யும் ரப்பரை இழுத்து மாட்டுவதை, மேலே மிதந்தபடி நிதானமாகச் செய்துகொள்வார். சிலிண்டரோடு இறங்குபவர் அடியிலேயே இருந்து, பாறை இடுக்கில் பதுங்கும் மீனை இரண்டு மூன்று மீட்டரில் சுட்டு, அங்கேயே ரப்பர் ஏற்றி, அடுத்ததைத் தேடுகிறார். அது தொழிலாகவும் இருந்தால், ஈட்டி எங்கே பட்டது என்பது மீன் சந்தையில் விலையாகத் தெரியும்.

இங்கே சொல்வது அமெரிக்காவின் ஃபுளோரிடாவை மனதில் வைத்து. சிலிண்டரோடு இறங்கிக் குத்திய மீனை உரிமத்தோடு விற்பது அங்கே நடப்பில் உள்ள தொழில். மெக்சிகோ வளைகுடாப் பக்கம் சுண்ணாம்புப் பாறை விளிம்புகள், களவா, சங்கரா இனங்கள், ஹாக்ஃபிஷ், கடல் விரால், ஆம்பர்ஜாக் என்று எல்லாம் உண்டு. வேறு இடத்தில் இருப்பவர்கள் முதலில் உள்ளூர்ச் சட்டத்தைப் பாருங்கள். இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் நாடுகளிலும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களிலும் சிலிண்டரோடு மீன் குத்தக் கூடாது. இலங்கையிலும் மாலத்தீவிலும் ஈட்டித் துப்பாக்கி மீன்பிடிப்பே தடை.

முதலில் காற்றுக் கணக்கு

துப்பாக்கியைத் தொடும் முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பரவலாகப் புழங்கும் அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 2,200 லிட்டர் காற்று. அதில் 50 பார் கையிருப்பாகத் தொடாமல் வைத்தால் செலவழிக்கக் கிடைப்பது 1,650 லிட்டர். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 30 மீட்டர் ஆழத்தில் 80 லிட்டர் இழுப்பார். மொத்தம் 20 நிமிடம். இறங்குவதற்கும் ஏறுவதற்கும் போக, வேட்டைக்கு மிஞ்சுவது 15 நிமிடம் இருந்தால் அதிகம்.

இப்போது ஒரு முறை ரப்பர் ஏற்ற ஒரு நிமிடம் பிடிக்கும் துப்பாக்கியையும், 20 நொடியில் முடியும் துப்பாக்கியையும் வைத்துப் பாருங்கள். ஆறு முறை சுட்டால் வித்தியாசம் நான்கு நிமிடம். அதுவும் மூச்சு வாங்கிக்கொண்டு செய்யும் நான்கு நிமிடம். இறுகிய ரப்பரோடு மல்லுக்கட்டும்போது காற்று இரட்டிப்பாகப் போகும், கரியமில வாயு சேர்ந்து தலை கனக்கும். ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எவ்வளவு தூரம் அடிக்கும் என்பதல்ல. இதை அடியில் எத்தனை முறை அலுக்காமல் ஏற்ற முடியும் என்பதுதான்.

நீளமும் பிடியும்

பார் எனும் கடலடிப் பாறைத் திட்டின் இடுக்கிலும் உடைந்த கப்பலிலும் வேலை செய்ய மொத்த நீளம் 90 முதல் 120 செ.மீ. போதும். பிடி நடுவில் உள்ள வகையை எடுங்கள். ஏ.பி. பில்லர், ரிஃப், ஜே.பி.எல். போன்ற அமெரிக்க நிறுவனங்கள் இந்த அமைப்பில் வெகுகாலமாகச் செய்கின்றன. பிடிக்குப் பின்னாலும் கட்டை நீண்டிருப்பதால் எடை இரண்டு பக்கமும் சமமாகி, மணிக்கட்டை அசைத்தாலே முனை திரும்பும். அந்தப் பின்கட்டையை இடுப்பில் ஊன்றி ரப்பரை இழுக்கலாம். மார்பில் ஊன்றுவது சிலிண்டர்காரருக்குச் சரிப்படாது. அங்கே பி.சி.டி. எனும் மிதவைச் சட்டையின் வார், கொக்கி, குழாய், அழுத்தமானி எல்லாம் தொங்கும். நழுவினால் எதிலாவது மாட்டும்.

பிடி பின்கோடியில் இருக்கும் ஐரோப்பிய வகையில் அதே நீளத்துக்கு வேகம் அதிகம், குறியும் நேராக வரும். ஆனால் முழு நீளமும் கைக்கு முன்னால் நிற்பதால் பொந்துக்குள் திருப்பக் கஷ்டம், நீரோட்டத்தில் முனை தள்ளும். தெளிந்த தண்ணீரில், திறந்த இடத்தில் ஆம்பர்ஜாக் தேடுபவருக்கு அது நல்லது.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அட்டையில் எழுதிய நீளம் வலுவைச் சொல்லாது. நடுப்பிடித் துப்பாக்கிகளில் பெரும்பாலும் ஈட்டியைப் பிடிக்கும் விசை பிடியின் மேலேயே இருக்கும். அதற்குப் பின்னால் உள்ள கட்டை ரப்பரின் நீட்சிக்கு உதவாது. அதனால் டேப் எடுத்து, ரப்பர் கோர்த்திருக்கும் முன்துளையிலிருந்து ஈட்டியில் ரப்பர் மாட்டும் காடி வரைக்கும் அளவெடுங்கள். அந்த அளவுதான் இரண்டு துப்பாக்கிகளை ஒப்பிட உதவும்.

தண்ணீரின் தெளிவும் நீளத்தைத் தீர்மானிக்கும். கலங்கலில் 3 மீட்டருக்கு மேல் மீனே தெரியாது என்றால் 5 மீட்டர் போகும் துப்பாக்கி வெறும் சுமை, கூட இறங்கியவருக்கும் ஆபத்து. இதோடு முகமூடிக் கண்ணாடி செய்யும் வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு கிட்டத்திலும் தெரியும். 3 மீட்டரில் நிற்பதாகத் தோன்றும் களவா உண்மையில் 4 மீட்டரில் நிற்கிறது. புதிதாக இறங்குபவர்களின் ஈட்டி மீனுக்கு முன்னாலேயே வலுவிழப்பது பெரும்பாலும் இதனால்தான். உடனே பெரிய துப்பாக்கி வாங்கப் போய்விடுகிறார்கள். இன்னும் ஒரு மீட்டர் நெருங்கினால் போதும்.

ரப்பர்

சுமார் 110 செ.மீ. நடுப்பிடித் துப்பாக்கிக்கு 14 அல்லது 16 மி.மீ. தடிமனில் இரண்டு ரப்பர் தாராளம். மூன்றாவது ரப்பருக்குத் துளை இருக்கிறது என்பதற்காகப் போடாதீர்கள். வலு கூடினால் ஈட்டி மீனைத் துளைத்துப் பின்னால் உள்ள பாறையில் மோதும். முனை மழுங்கும், ஈட்டி வளையும், சில நேரம் பாறையில் சிக்கியே போகும். பொந்துக்குள் சுடும்போது ஒரு ரப்பரை மட்டும் ஏற்றிச் சுடுவது நல்ல பழக்கம்.

ரப்பரின் நீளத்தை நீங்களே கணக்கிடலாம். முன்துளையிலிருந்து காடி வரை 70 செ.மீ. என்றால் போக வர 140 செ.மீ. அதை 3.5-ஆல் வகுத்தால் 40 செ.மீ. இதுதான் தளர்ந்த நிலையில் ரப்பரின் மொத்த நீளம். கயிறு கட்டும் இடத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 3, 4 செ.மீ. கூட்டி வெட்டுங்கள். நாள் முழுக்க ஏற்றி இறக்கும் தொழிலுக்கு 3.5 சற்று இறுக்கம். 3-ஆல் வகுத்தால் 47 செ.மீ. வரும், இழுக்க எளிது, ரப்பரும் கூடுதல் நாள் உழைக்கும். கொஞ்சம் வேகம் போகும், 2 மீட்டர் தூரத்துக் குறிக்கு அது பொருட்டல்ல.

இரண்டு முனைகளையும் இணைக்கும் கண்ணியை விஷ்போன் என்பார்கள். உலோகக் கண்ணி நீடிக்கும், ஆனால் நழுவினால் விரலைக் கிழிக்கும். டைனீமா கயிற்றுக் கண்ணி தேயும், ஆனால் விரலுக்கு இதம், தேய்ந்தால் படகிலேயே மாற்றிக் கட்டலாம்.

காற்றழுத்தத் துப்பாக்கி குட்டையாக இருந்தும் வலுவாக அடிக்கும். பொந்து வேலைக்கு ஏற்றதுபோலத் தோன்றும். ஆனால் உள்ளே வாஷர் கசிந்தால் படகில் வைத்துச் சரிசெய்ய முடியாது, அன்றைய பிழைப்பு போச்சு. ரப்பர் அறுந்தால் இரண்டு நிமிடத்தில் வேறு போடலாம். தொழிலுக்கு ரப்பரே மேல்.

ஈட்டியும் முனையும்

ஈட்டியின் கனம் பற்றித் துல்லியமாகச் சொல்லலாம். 120 செ.மீ. நீள எஃகு ஈட்டி 7 மி.மீ. தடிமனில் ஏறக்குறைய 360 கிராம் வரும். 8 மி.மீ. என்றால் 470 கிராம், 9.5 மி.மீ. என்றால் 660 கிராம். மெல்லியது வேகமாகப் போகும், பாறையில் பட்டால் வளையும். தடித்தது மெதுவாகப் போனாலும் களவாவின் தலையெலும்பைப் பிளக்கும். நடுவில் உள்ள 8 மி.மீ.தான் பார் வேலைக்குச் சரி. இது அமெரிக்கக் கணக்கில் பதினாறில் ஐந்து அங்குலம், அதாவது 5/16. பதப்படுத்திய 17-4 வகைத் துருப்பிடிக்காத எஃகா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணத் துருப்பிடிக்காத எஃகு ஒரு புரளலுக்கே வளைந்து நிற்கும்.

முனையைத் திருகி மாட்டும் ஈட்டி வாங்குங்கள். நாளுக்குப் பத்து முறை பாறையில் இடிக்கும் வேலையில் முனை மட்டும் மழுங்கி, முழு ஈட்டியையும் தூக்கிப் போடுவது கட்டுப்படியாகாது. அமெரிக்க மரையும் ஐரோப்பிய மரையும் ஒன்றல்ல. முனை வாங்கும்போது பழைய ஈட்டியைக் கையோடு கொண்டுபோய்த் திருகிப் பாருங்கள். பாதி ஏறி இறுகினால் அது வேறு மரை.

துளைத்துப் போன பிறகு விரிந்து மீனைத் தடுக்கும் இதழை ஃபிளாப்பர் என்கிறார்கள். ஹாக்ஃபிஷ் போன்ற மெதுசதை மீனுக்கு இரண்டு இதழ் நல்லது, ஓர் இதழ் சதையைக் கிழித்துக்கொண்டு வரும். கழன்று போய் மீனுக்கு அப்பால் குறுக்கே நிற்கும் ஸ்லிப் முனை பெரிய ஆம்பர்ஜாக்குக்கும் கடல் விராலுக்கும் ஏற்றது. பாறையில் அடித்தால் அதன் கம்பி நார் நாராகப் பிரியும். பாரில் வேலை செய்பவர் அதை எடுக்க வேண்டாம்.

எந்த முனையானாலும் பட வேண்டிய இடம் கண்ணுக்குப் பின்னால், செவுளின் மேல்விளிம்பு. அங்கே பட்டால் மீன் அப்படியே உறையும். சதையில் ஓட்டை இல்லை, வாங்குபவர் விலை குறைக்க மாட்டார். துடிப்பும் இல்லை, அதனால் துடிப்பு கேட்டு வரும் சுறாவும் தாமதிக்கும். வயிற்றில் பட்டால் குடல் கிழிந்து சதை கெடும். கிட்டத்தில் நின்று துல்லியமாக அடிக்கும் துப்பாக்கியை இவ்வளவு வற்புறுத்துவது இதற்காகத்தான்.

கயிறு கட்டுவதா, விடுவதா

ஈட்டியைத் துப்பாக்கியோடு இணைக்க 400 பவுண்டு தாங்கும் தங்கூசி நரம்பு போதும். முகப்பிலிருந்து பின்னால் போய்த் திரும்பும் ஒரே சுற்று, நுனியில் ஒரு முழம் இழுபடும் ரப்பர் கயிறு. இரண்டாவது சுற்று சுற்றாதீர்கள். எட்டாத தூரத்துக்குச் சுடும் ஆசையைத்தான் அது வளர்க்கும். ரீல் வேண்டவே வேண்டாம். சிலிண்டர் வால்வு, ரெகுலேட்டர் குழாய், துடுப்பு வார் என்று முதுகிலும் காலிலும் மாட்டிக்கொள்ள நூறு இடம் இருக்கும்போது, மீன் இழுத்துக்கொண்டு சுற்றும் நீளக் கயிறு உயிரோடு விளையாட்டு. எஃகுக் கம்பி நரம்பு போடுபவர் அதை வெட்டும் கத்தரியும் வைத்திருக்க வேண்டும். சாதாரணக் கத்தி அதை வெட்டாது. வெட்டும் கருவி எதுவானாலும் இரண்டு கையும் எட்டும் இடத்தில், மார்பில் இருக்கட்டும்.

கயிறே இல்லாமல் ஈட்டியைத் தனியாக விட்டுச் சுடும் முறையும் தொழில்காரர்களிடம் உண்டு. தொடையோரம் உறையில் மூன்று நான்கு ஈட்டி. சுட்டதும் அடுத்ததைச் செருகி ரப்பர் ஏற்றலாம், சிக்கலே இல்லை. இதற்கு 9.5 மி.மீ. கனத்த ஈட்டிதான் சரி, மீன் அதைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் ஓடாது. பொந்துக்குள் ஓடிய மீனோடு ஈட்டியும் போகும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டும். காயப்பட்ட மீனைக் கைவிட்டு வருவது பண நட்டம் மட்டுமில்லை, வீணாகப் போன உயிர். தலையில் அடிக்கும் கை வந்த பிறகே இந்த முறைக்குப் போங்கள்.

கடையில் சோதிக்க வேண்டியவை

ஈட்டியைக் கண்ணாடி மேசையில் உருட்டுங்கள். நேரான ஈட்டி சத்தமில்லாமல் உருளும். வளைந்தது தட்டித் தட்டி உருளும், அடியில் வெளிச்சம் தெரியும். புது ஈட்டியிலும் இது உண்டு.

ஈட்டியைச் செருகுங்கள். ‘டக்’ என்று பிடிக்க வேண்டும். ரப்பர் இல்லாமலேயே ஈட்டியை முழு பலத்தோடு முன்னால் இழுத்துப் பாருங்கள், பின்கட்டையை உள்ளங்கையால் ஓங்கித் தட்டிப் பாருங்கள். விடக் கூடாது. சேஃப்டியைப் போட்டு டிரிகரை இழுங்கள், அசையக் கூடாது. பிறகு கையுறை மாட்டிக்கொண்டு விரல் டிரிகர் வளையத்துக்குள் தாராளமாகப் போகிறதா பாருங்கள். ஒரு நிறுவனத்தின் துப்பாக்கியில் இன்னொரு நிறுவனத்தின் ஈட்டியைப் போடாதீர்கள். பின்காடியின் சாய்வு ஒரு மயிரளவு மாறினாலும் விசை முழுசாகக் கவ்வாது. கவ்வியதுபோல நின்று, இரண்டாவது ரப்பர் ஏற்றும்போது தானாக விடும். அந்த நேரத்தில் உங்கள் கை ஈட்டிக்கு மேல் இருக்கும்.

ரப்பர் போகும் துளையின் விளிம்பில் ஒரு துண்டுப் பஞ்சைத் தேயுங்கள். நூல் மாட்டினால் அந்த விளிம்பு ரப்பரை அறுக்கும்.

மரத் துப்பாக்கி ஈட்டி போனதும் மெல்ல மிதக்கும், கை நழுவினால் மேலே போய்விடும். அலுமினியக் குழல் அடைப்பில் கசிந்து தண்ணீர் புகுந்தால் மூழ்கும். இரண்டும் உழைக்கும், ஈட்டி இல்லாதபோது கையில் கனமோ இழுப்போ இல்லாததை எடுங்கள்.

அடியில் ஏற்றும் வரிசை

முதலில் முனையை ஆளில்லாத பக்கம் திருப்புங்கள், கூட வந்தவர் உங்களுக்குப் பின்னால் இருக்கட்டும். ஈட்டியைச் செருகி ‘டக்’ கேட்ட பிறகு சேஃப்டி. அடுத்து நரம்புச் சுற்று. பிறகுதான் ரப்பர், அதுவும் ஒன்று ஒன்றாக. பின்கட்டையை இடுப்பு எலும்பில் ஊன்றி, இரண்டு கையாலும் சமமாக இழுத்துக் காடியில் மாட்டுங்கள். மூச்சை விட்டபடி இழுங்கள், அடக்கிக்கொண்டு இழுக்காதீர்கள். சேஃப்டி போட்டிருக்கிறது என்று நம்பி முனையை யார் பக்கமும் காட்ட வேண்டாம். சேஃப்டியும் உப்பில் தேயும் ஓர் இரும்புத் துண்டுதான்.

தண்ணீருக்கு வெளியே ஒருபோதும் ஏற்றாதீர்கள், சுடாதீர்கள். தண்ணீரின் தடை இல்லாமல் விட்டால் ஈட்டி எங்கே போகும் என்று சொல்ல முடியாது, நரம்பு இழுத்து உங்களை நோக்கியே திரும்பலாம். படகேணியைத் தொடும் முன்பே ரப்பரைக் கழற்றிவிடுங்கள்.

கெட்டுப்போகும் இடங்கள்

ரப்பரை விரலில் மடித்து, கண்ணி கட்டிய இடத்தை வெயிலில் பாருங்கள். வறண்ட குளத்து மண் போல நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். வெயிலும் இழுத்தபடி விட்டுவைப்பதும்தான் அதற்குக் காரணம். பெட்ரோலிய எண்ணெய், கிரீஸ் எதையும் தடவாதீர்கள், ரப்பர் கொழகொழவென்று இளகும். சிலிக்கான் மட்டும் போதும்.

ஈட்டியின் பின்காடி விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். உருண்டு போயிருந்தால் அரம் போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், ஈட்டியை மாற்றுங்கள். நரம்பை நகத்தால் தடவி, பிசிறு தட்டுப்பட்டால் வெட்டிப் புதிதாகக் கட்டுங்கள். அலுமினியக் குழலில் எஃகு ஆணி இருக்கும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில், விசைக்குள்ளும் தண்ணீர் போகும்படி அலசுங்கள்.

வாங்கும் முன் சட்டம்

ஃபுளோரிடாவில் குத்திய மீனை விற்க எஸ்.பி.எல். எனும் கடல்பொருள் உரிமம் வேண்டும், உரிமம் பெற்ற மொத்த வியாபாரியிடம் மட்டுமே விற்கலாம். களவா, சங்கரா வகைகளுக்குக் கூடுதல் அனுமதியும் மத்திய அரசின் அனுமதியும் தேவை. தோட்டா வெடிக்கும் பவர்ஹெட்டும், விட்ட மூச்சையே சுத்தப்படுத்தித் திருப்பித் தரும் ரீபிரீதர் கருவியும் மாநிலக் கடலில் மீன் குத்தத் தடை. லயன்ஃபிஷ் பிடிக்க மட்டும் ரீபிரீதருக்கு விலக்கு உண்டு. கோலியாத் களவாவைச் சுடவே கூடாது. பொதுக் குளிகடற்கரை, மீன்பிடி பாலம் இவற்றிலிருந்து 100 கஜத்துக்குள் சுடக் கூடாது. ஹாக்ஃபிஷ் வளைகுடாப் பக்கம் 14 அங்குலம், அட்லாண்டிக் பக்கமும் கீஸ் தீவுகளிலும் 16 அங்குலம் இருக்க வேண்டும். அளவு மூக்கிலிருந்து வால் பிளவு வரை. தூண்டிலில் வந்ததைத் திருப்பி விடலாம், ஈட்டி பட்டதை விட முடியாது. கண்ணாடி பெரிதாகக் காட்டும் என்பதை நினைவில் வைத்து, துப்பாக்கியின் பக்கவாட்டில் 14, 16 அங்குலத்துக்கு இரண்டு பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள்.

லயன்ஃபிஷ் மட்டும் தேடுபவருக்குத் துப்பாக்கியே வேண்டாம். அது ஓடாது, கை எட்டும் தூரம் வரை விடும். ஒரு மீட்டருக்கும் குறைவான கைக்கழி, மூன்று அல்லது ஐந்து முள் முனை, முள் குத்தாத குழாய்ப் பெட்டி, இவை போதும். அதன் உடம்பில் விஷ முள் 18 உண்டு. குத்திவிட்டால் தோல் வேகாத அளவு சூட்டில், 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் கையை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்திருங்கள். பிறகு மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாகப் பணம் எங்கே போக வேண்டும் என்றால், ஒரு விலை உயர்ந்த துப்பாக்கியைவிட ஒரே மாதிரியான இரண்டு சாதாரணத் துப்பாக்கிகள் மேல். ஈட்டி, ரப்பர், முனை எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். படகுப் பெட்டியில் மூன்று ஈட்டி, ஆறு முனை, வெட்டிக் கண்ணி கட்டிய நான்கு ரப்பர், ஒரு சுருள் தங்கூசி, நரம்பை இணைக்கும் கிரிம்ப் குழாய்களும் அவற்றை நசுக்கும் இடுக்கியும் இருக்கட்டும்.